மே மாத மந்திரம்

கணப்பில் ஆப்பிள் குச்சிகளைப் போட்டு ஏதோ முணுமுணுத்த மனைவி ரோவேனாவை முறைத்தான் மெரிக்.

"யாருக்கடி வலை வீசுறே?"

"மே ஒண்ணாச்சே, வசந்த விழா! 'என்னை நேசிச்சவனே வா'ன்னு கூப்பிட்டேன். நீயே வந்து நிக்கிறே!"

"அடி மக்கு! இப்ப வசந்தம் உங்க இங்கிலாந்துலதான். இங்க நியூசிலாந்துல குளிர் ஆரம்பம், ஆவிங்க வீடு தேடி வர்ற நாள். மந்திரம் தேதியைப் பார்க்காது, பருவத்தைத்தான் பார்க்கும். இன்னிக்குக் கூப்பிட்டா செத்தவங்கதான் வருவாங்க!"

கதவு தட்டப்பட்டது. மெரிக் வெளிறிப்போனான்.

"திறக்காதே! உன் முதல் புருஷன்தான். அவனைப் படகுலேர்ந்து தள்ளிவிட்டது நான்தான். என்னைத் தேடித்தான் வந்திருக்கான்!"

ரோவேனா நிதானமாகப் போய்க் கதவைத் திறந்தாள்.

"காதுல விழுந்துச்சா சார்?"

வாசலில் நின்ற போலீஸ்காரர் தலையசைத்தார். அவள் மெரிக்கிடம் திரும்பினாள்.

"இங்க வந்து இத்தனை வருஷமாச்சு. இந்த ஊர்ப் பருவம் எனக்குத் தெரியாதா?"