வெள்ளைச் சீட்டுக் கூண்டு

"வெள்ளைச் சீட்டுக் கூண்டுல ஆறு எலிக்கும் காது சிவந்திருக்கு மேடம். ரத்தம் நல்லா ஊறியிருக்கு" என்றாள் ஆராய்ச்சி மாணவி.

பேராசிரியை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஆறுக்குமா? அந்த நொண்டி எலிக்குமா?"

"நொண்டிதான் மேடம் இருக்கறதுலயே ஜோர்!"

மூலையில் கூண்டு கழுவிக்கொண்டிருந்த எலியண்ணன், கழுவின கூண்டையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். பதினோரு வருஷமாக அந்த எலி அறையைப் பார்த்துக்கொள்வதால் வந்த பேர் அது. சொந்தப் பேர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு எலிகளுக்கு ஒட்டுண்ணியை ஏற்றி, ரத்தசோகை வரவழைத்தாயிற்று. பச்சைச் சீட்டுக் கூண்டில் ஆறு. அவற்றுக்கு மூலிகைச் சாறு. வெள்ளைச் சீட்டுக் கூண்டில் ஆறு. அவற்றுக்கு வெறும் தண்ணீர். சாறு குடித்தவை தேறி, தண்ணீர் குடித்தவை வெளுத்துக் கிடந்தால்தான் மூலிகையின் மகிமை நிரூபணமாகும். இப்போது வெள்ளைச் சீட்டுக் கும்பலும் குதியாட்டம் போட்டால்? மூன்று மாத உழைப்பு அம்பேல்!

"யாரோ சாறு கொடுத்திருக்காங்க" என்ற பேராசிரியையின் பார்வை எலியண்ணன் மேல் வந்து நின்றது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இரக்கமும் ஆராய்ச்சியும் ஒரே கூண்டுல குடியிருக்க முடியாது. பாவம் பார்க்கிறவங்களுக்கு இங்கே வேலை இல்லை!"

சொன்னதோடு விடவில்லை. ஒரு தாளை உருவி, வேலைநீக்க உத்தரவை எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஆனாலும் எலியண்ணனுக்குப் பொய் வாயில் வரவில்லை.

"நான்தான் மேடம் கொடுத்தேன். எழுந்து நிக்கக்கூடத் தெம்பில்லாம என்னையே பார்த்துச்சு. மனசு கேட்கலை."

"பாட்டில் அலமாரிக்குள்ள. இருக்கறது ஒரே சாவி, அதுவும் என் கழுத்துல. எப்படி எடுத்தீங்க?"

"ஐயோ, பாட்டிலை நான் தொடவே இல்லை மேடம்! இலை அரைச்ச மிக்ஸி ஜாரைக் கழுவறப்போ, அடியில ஒட்டியிருக்கறதை வழிச்சு ஊட்டினேன். அது ஒரு எலிக்கே பத்தாது. நொண்டிக்கு மட்டும்தான் கொடுத்தேன்."

மாணவி விழித்தாள். "அப்போ மத்த அஞ்சுக்கும்?"

ஒரே சாவி. அது மேடத்தின் கழுத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது? மாணவியும் எலியண்ணனும் தரையைப் பார்த்தார்கள்.

பேராசிரியை அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். எலிகளின் காதைவிட அவர் முகம் சிவந்திருந்தது.

"மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஒண்ணே ஒண்ணையாவது ஆராய்ச்சிக்குன்னு விட்டுவச்சிருந்தேன். அதையும் கெடுத்துட்டீங்களே அண்ணே!"