சந்தில் வைத்த அவுட்டோர்

"உள்ளே பெயிண்ட் இன்னும் காயல பாய். முதல்ல வெளி வேலையை முடிச்சிடுங்க" என்றார் நாகநாதன்.

லியாகத் அலிக்கு அது சரியாகப் படவில்லை. ஏ.சி. மாட்டுகிறவன் இன்டோர் பெட்டியை உள்ளே மாட்டி, சுவரில் ஓட்டை போட்டு, அதன் பிறகுதான் அவுட்டோரைக் கையில் எடுப்பான். துபாயில் வேலை பார்த்த காலத்திலிருந்து அவனுக்கு அதுதான் பழக்கம். ஆனால் கீழ்வேளூரில் கடை திறந்த பிறகு, வீட்டுக்காரரிடம் வாதாடிப் புண்ணியமில்லை என்று தெரிந்துகொண்டிருந்தான்.

அதுவுமில்லாமல் காரியம் அவசரம். நாகநாதனின் மனைவி எல்லையம்மாளுக்குத் தஞ்சாவூரில் வயிற்றில் ஆபரேஷன். மறுநாள் வீட்டுக்கு வருகிறாள். தையல் போட்ட இடத்தில் வேர்வை படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். கத்திரி வெயில் கொளுத்துகிறது. மின்விசிறி வீசுவது அனல் காற்று.

அவுட்டோரைக் கிழக்குச் சுவரில் உயரமாக மாட்டிவிடலாம் என்றான் லியாகத் அலி. நாகநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. சுவரில் மாட்டினால் அதிர்வு வரும், நோயாளிக்குத் தூக்கம் கெடும், கீழே சந்தில் சிமெண்ட் மேடை போட்டு வையுங்கள் என்றார். அதிர்வென்று ஒன்று உண்டுதான். அவனும் தலையாட்டிவிட்டு, செங்கல்லும் சிமெண்டும் வாங்கிவந்து சந்தில் இறங்கினான்.

அங்கேதான் வில்லங்கம்.

சந்துக்கு அந்தப் பக்கம் தனபாக்கியத்தின் வீடு. அவள் புருஷன் உத்திராபதி ஒரு காலத்தில் நாகநாதன் குடும்பத்து வயலில் வேலை பார்த்தவர். ஆட்சி மாறி, சட்டம் வந்து, குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைத்தது. நாகநாதனுக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை. உத்திராபதி போய்ச் சேர்ந்ததும், மனை போனால் போகட்டும், சந்து என்னுடையது என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார். தனபாக்கியம் தெருவுக்கு வர அந்தச் சந்தை விட்டால் வழி கிடையாது. அது போனால் வாய்க்காலில் இறங்கித்தான் ஏற வேண்டும். நாகநாதன் அங்கே மாட்டைக் கட்டினார், வைக்கோல் போர் போட்டார். கடைசியில் ஊரில் பேசி, தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் அங்கே ஒரு துரும்பைக்கூட வைப்பதில்லை என்று முடிவாகியிருந்தது.

புல்லுக்கட்டோடு வந்த தனபாக்கியம் செங்கல்லைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டாள்.

"இங்க எதையும் வைக்கப்படாது தம்பி. கேஸ் நடக்குது."

லியாகத் அலி உள்ளே போய் நாகநாதனைக் கூப்பிட்டான். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பேசினால் காரியம் கெட்டுப்போகும், உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகட்டும், நீங்களே சொல்லிப் பாருங்கள் என்றார்.

அவனும் சொல்லிப் பார்த்தான். முதலில் ஆபரேஷன், வேர்வை, டாக்டர் என்றுதான் பேச்சு போனது. பிறகு என்னவோ, தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஹலீமாவுக்கும் இதே ஆபரேஷன்தான், இதே சித்திரை மாதம்தான். புண் ஆறவே இல்லை.

"நான் துபாயில ஊரான் வீட்டுக்கெல்லாம் ஏ.சி. மாட்டிக்கிட்டு இருந்தேம்மா. எங்கம்மா இங்க ஓலை விசிறியால வீசிக்கிட்டே செத்துப்போச்சு" என்றான்.

தனபாக்கியம் கீழே போட்ட புல்லுக்கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"கேஸ் போட்டது ஐயாதான், அந்தம்மா இல்ல. எம் மக பிரசவத்துக்கு ராத்திரியோட ராத்திரியா கார் வெச்சு அனுப்புனது அவங்கதான். வைங்க தம்பி. நான் தலைச்சுமையோட போய்வர வழி விட்டு வைங்க. அவங்க எழுந்து நடமாடுனதும் எடுத்துடணும். அதை மட்டும் ஐயாகிட்ட சொல்லிடுங்க."

அவன் போய்ச் சொன்னான். நாகநாதன் உடனே சரி என்றார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று லியாகத் அலி நினைக்கவே இல்லை. வேலையில் நிறைவு வருவது கூலியால் மட்டும் இல்லை என்று தோன்றியது, மனசு லேசாகிவிட்டது.

சிமெண்ட் குழைக்கத் தனபாக்கியமே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பெட்டியை மேடையில் இறக்கும்போது மறுபக்கம் ஒரு கை பிடித்தாள். எல்லாம் முடிந்ததும், எல்லையம்மாள் வந்தவுடன் ஒரு குரல் கொடுக்கச் சொன்னாள். மிளகு ரசம் வைத்துத் தருவாளாம், காரம் குறைத்து.

லியாகத் அலி கைகால் கழுவிக்கொண்டு, இன்டோர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். நாகநாதன் எழுந்து வந்து வழியை மறித்தார்.

"அதைப் பிரிக்க வேணாம் பாய். கடைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க, கேஸ் முடிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்ப நாளைக்கு அம்மா வந்தா?"

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. திருத்துறைப்பூண்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கா" என்ற நாகநாதன் குரலைத் தணித்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில கோர்ட்டுலேருந்து சந்தைப் பார்க்க வர்றாங்க, தனபாக்கியத்தோட வக்கீல் அதுக்கு இன்னும் சொல்லல போலிருக்கு. இடம் என் அனுபவத்துலதான் இருக்குன்னு எழுதிட்டுப் போக நீங்க போட்ட மேடை போதும்."