தேக்குப் பெட்டி

மண்வெட்டி பலகையில் மோதிய சத்தம் கேட்டதும் தச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்த அவர் மனைவிக்கு வயிறு பற்றி எரிந்தது. மூத்த தாரம் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவள் பெட்டியில் மண்வெட்டி பட்டால்கூட இந்த மனுஷனுக்கு வலிக்கிறதே!

சுரங்கம் ஊரை விழுங்க வந்திருந்தது. வீடுகளை எல்லாம் இடித்தாயிற்று. மிச்சம் இந்த இடுகாடுதான். ஒவ்வொரு குழியையும் சுற்றிப் பச்சைத் துணி மறைப்புக் கட்டி, உள்ளே குடும்பத்தாரை மட்டும் விட்டு, தோண்டி எடுத்ததைப் புதுப் பெட்டிக்கு மாற்றிப் புது ஊருக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனியின் அதிகாரியம்மா மரியாதைக்காக மறைப்புக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

'நீ வர வேண்டாம்' என்று தச்சர் காலையில் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தார். அதனாலேயே வந்தாள்.

பதினைந்து வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில் மாமியார், மூத்தவளை 'அக்கா' என்று சொல்லப் பழகு என்றாள். செத்தாலும் சொல்லமாட்டேன் என்று இவள் அன்றே முடிவுகட்டிவிட்டாள். 'அந்தம்மா' என்பாள். கோபம் வந்தால் அந்த 'அம்மா'வும் கிடையாது.

காரணம் இல்லாமல் இல்லை. ஊருக்கெல்லாம் கட்டில் செய்கிற தச்சர் வீட்டில் இவள் படுப்பது கால் ஆடுகிற கட்டிலில். அந்தம்மாவுக்கோ தேக்கில் பெட்டி! வெளியூர் ஆஸ்பத்திரியில் தொத்துவியாதியில் செத்தாளாம். திறந்து காட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தன் கையால் இழைத்த பெட்டியை எடுத்துப்போய், ஆணியும் தானே அடித்துக் கொண்டுவந்தாராம்.

'புருஷன்னா அப்படி இருக்கணும்' என்று ஊர்ப் பெண்கள் இன்றைக்கும் பெருமூச்சு விடுவார்கள். அதுவும் இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இடம் மாறச் சம்மதித்து முதலில் கையெழுத்துப் போட்டவர்களுக்குப் புது ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மனை கிடைத்தது. இவர் மட்டும், அந்தக் குழியைத் தொடக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைசி ஆளாகப் போட்டு வாங்கியது லாரிச் சாலையோரம் கடைக்கோடி மனை. உயிரோடு இருக்கிற பெண்டாட்டியும் இரண்டு பெண்களும் புழுதி தின்னலாம்; செத்தவள் தூக்கம் கெடக்கூடாது!

இருக்கிறவள் என்றால் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போடலாம். செத்தவளை என்ன செய்வது? அவளுக்கு நரைக்கவா போகிறது?

எலும்பாகவாவது அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் வந்தாள்.

பெட்டி மேலே வந்தது. தேக்கு அல்லவா, ஒரு மூலை மட்டும்தான் உளுத்திருந்தது. குழி தோண்டிய வெளியூர்க்காரர் மூடியை நெம்பினார். உள்ளே பார்த்தவர் பின்னால் நகர்ந்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

மக்கிப்போன ஒரு போர்வை. அதற்குள் கருங்கற்கள். தூக்கும்போது உருளாமல் இருக்க, இடையிடையே மரத்துண்டு கொடுத்து ஆள் நீளத்துக்கு அடுக்கியிருந்தது. ஓர் எலும்புகூட இல்லை.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் முகத்தில் திகைப்பு இல்லை. பிடிபட்ட முகம்தான் இருந்தது.

"விட்டுட்டுப் போயிட்டா," என்றார், உதடு அசையாமல். "ஊருக்கு என்னன்னு சொல்ல?"

அப்படியானால் ஒற்றைக் காலில் நின்றது அவளுக்காக இல்லை. இந்தப் பெட்டி திறந்துவிடக்கூடாதே என்றுதான். பதினைந்து வருஷமாக வயிறெரிந்தது கருங்கல்லைப் பார்த்தா! ஒரு நொடி அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அடுத்த நொடி வயிறு மறுபடி எரிந்தது.

அப்படியானால் மூத்தவள் எங்கோ உயிரோடு இருக்கிறாள். சோறு தின்கிறாள், தலை வாரிக்கொள்கிறாள். நாளைக்கே பஸ்ஸை விட்டிறங்கி, 'என் வீட்டுக்காரர் எங்கே?' என்று கேட்டால் இவள் யார்? இவள் பெற்ற இரண்டு பெண்களும் யார்?

மறைப்புக்கு வெளியே அதிகாரியம்மா தொண்டையைச் செருமினாள். "முடிஞ்சுதாம்மா? உள்ள வரலாமா?"

தச்சர் சிலையாக நின்றார். குழி தோண்டியவர் அவளையே பார்த்தார்.

அவள் குனிந்தாள். கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப் பெட்டியில் அடுக்கினாள். உருளாமல் இருக்க அந்த மரத்துண்டுகளையே இடையில் செருகினாள். போர்வையை உதறி மேலே போர்த்தினாள். மூடியைச் சாத்திச் சுத்தியலைக் கணவன் கையில் திணித்தாள். மூலைக்கு ஓர் ஆணி அடித்து நிறுத்தியவரை விடவில்லை. நடுவிலும் அடிக்கச் சொன்னாள்.

பிறகு மறைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். காத்து நின்ற ஊர் ஜனத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"நாலு பேர் கை கொடுங்கய்யா. அக்கா கனமா இருக்காங்க."