சைவ ஊசி

"ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? பண்டியின்ரை குடலிலை இருந்து எடுத்த மருந்தை என்ரை மனிசிக்கு ஏத்த உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?"

பன்றி என்று தியாகராசா போட்ட சத்தத்துக்கு ஆஸ்பத்திரி வாட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அடுத்த கட்டிலில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண், வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

கட்டிலில் அவர் மனைவி பராசக்தி படுத்திருந்தார். இணுவிலில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்த பிறகு காலுக்குள் இரத்தம் கட்டியிருந்தது.

"ஐயா, இது இரத்தம் உறையாமல் இருக்கப் போடுறது," என்றார் டொக்டர் ஆரணி. "போடாட்டி அந்தக் கட்டி பெருத்து, ஒரு துண்டு கழண்டு நுரையீரலுக்குப் போயிடும். பிறகு எங்களாலையும் ஒண்டும் செய்யேலாமல் போகலாம்."

"மூண்டு நாளாப் போடுறியள். கட்டி கரையேல்லையே!"

"இது கரைக்கிற மருந்தில்லை ஐயா. கட்டியை வளர விடாது. கரைக்கிறதை உடம்பே மெல்லமெல்லச் செய்யும்."

"அப்ப விழுங்கிற குளிசையாத் தாங்கோ. சைவமாத் தாங்கோ."

"இந்த மருந்தைக் குடிச்சாக் குடல் உறிஞ்சாது. ஊசியாத்தான் போடோணும். வேறை குளிசை இருக்கு. அது வேலை செய்யத் தொடங்கவே நாலைஞ்சு நாள் செல்லும். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் பண்டியோ? கனடாவிலை இருந்து மருமகன் சொல்லியிராட்டி எனக்குத் தெரிஞ்சே இராது! முட்டை போட்ட கேக்கைக் கூடத் தொடாதவள் இவள். கந்தசட்டி விரதம் ஆறு நாளும் தண்ணியோடை இருக்கிறவள். எங்கடை சமயம் உங்களுக்குப் பகிடியாப் போச்சு, என்ன?"

"சொல்லித்தான் ஐயா..." என்று தொடங்கிய ஆரணி, பராசக்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம். இனி ஒரு ஊசி அவளிலை படக்கூடாது. வீட்டை போற துண்டை எழுதி விடுங்கோ, கூட்டிக்கொண்டு போறன். பண்டியை உடம்பிலை ஏத்தி உயிர் வாழுறதிலும் பாக்கச் சாகலாம்!"

சொன்ன பிறகு அவர் மனைவியின் பக்கம் பார்த்தார். ஆனாலும் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை.

பராசக்தி முழங்கையை ஊன்றி மெல்ல நிமிர்ந்தார்.

"இஞ்சேருங்கோ, அந்த டொக்டர் பிள்ளையை ஏசாதேங்கோ. என்னட்டைக் கேட்டுத்தான் போட்டவை. நான்தான் ஓமெண்டனான்."

"நீயோ? பண்டியெண்டு தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம். போன வருசம் மாரடைப்பு வந்து நீங்கள் நினைவில்லாமல் கிடக்கேக்கை ஏத்தினதும் உதே ஊசிதான், அண்டைக்கும் பண்டியெண்டு சொல்லித்தான் கேட்டவை. உங்களுக்கு ஏத்தச் சொன்ன நான், எனக்கு மட்டும் வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"