வேகப் பாட்டு

ஊர் இளைஞர் எல்லோரும் நடனப் போட்டிக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று இராணுவ முகாம் அதிகாரி 2007இல் அறிவித்தார். நடனம் என்றால் ஒரு வீடியோ கேம். ரிவித் திரையில் அம்புக்குறி காட்டும் பக்கமெல்லாம் தாளம் தப்பாமல் கால் வைக்கவேண்டும். எங்களுக்குப் பிடித்த கடலோசை இசைக்குழுவின் எந்தப் பாட்டையும் அதில் ஏற்றித் தருவாராம். பரிசு, புதுச் சைக்கிள்.

பாட்டைத் தெரிவுசெய்யும் பொறுப்பு யோசேப்புக்கு வந்தது.

"அந்த வேகமான பைலாப் பாட்டைப் போடுங்கோ, சேர்."

முருங்கனிலிருந்து புதிதாக வந்திருந்த அவனுடைய மச்சான் லோறன்சுக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன விசரே? அதுக்குப் பாடினவனே ஆடமாட்டான். மெல்லமாய் ஒண்டை எடன்!"

"அவங்கடை பாட்டிலை எனக்கு அதுதான் பிடிக்கும்."

போட்டியில் ஊர் இளைஞர் ஒன்பது பேரும் முதல் நிமிடத்திலேயே தடுமாறினார்கள். கலியாண வீடுகளில் அதே பைலாவுக்கு விடிய விடிய ஆடுகிற யோசேப், நாலாவது அம்பில் குப்புற விழுந்தான். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தானே ஆடி, சைக்கிளையும் தானே எடுத்துக்கொண்டார்.

"மெல்லப் பாட்டெண்டால் சைக்கிள் எங்கடை வீட்டிலை நிண்டிருக்கும்," என்று வழியெல்லாம் முறுமுறுத்தான் லோறன்ஸ்.

"போன வருசம் இவர் ஓட்டப் போட்டி வைச்சவர். நான் முதலாவது. மாலை போட்ட கையோடை, 'எந்த இயக்கத்திலை ஓடப் பழகினனீ?' எண்டு நாலு மாதம் உள்ளுக்கு வைச்சவர். ரெண்டாவதுக்கு மூண்டு மாதம். மூண்டாவதுக்கு ரெண்டு."

யோசேப் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"மெல்லப் பாட்டிலை விழுந்தால் ஆரடா நம்புவாங்கள்?"