எழுதியவர் பெயர்

கேரளத்தில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளி. தலைமையாசிரியர் அறையின் மேசையில் பாதிவரைக்கும் மத்தியான வெயில் ஏறிக் கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கான உலக வரலாற்றுப் புத்தகம் இந்த வருஷமும் தமிழில் வரவில்லை. அதற்காகத் தற்காலிக ஆசிரியை ஷியாமளா நான்கு மாதம் உட்கார்ந்து எழுதி, காசு வாங்காமல் கொடுத்த பாடங்கள் இப்போது கல்வி அதிகாரியின் கையில் இருக்கின்றன. அவள் உருட்டச்சில் படியெடுத்த தாள்களில் மையின் வாசனை இன்னும் போகவில்லை. அவர் அரசுப் பாடத்திட்டத்தோடு தலைப்பு தலைப்பாக ஒத்துப் பார்த்துவிட்டு நிமிர்கிறார்.

“எல்லாம் சரியா உண்டு. பிள்ளைகளுக்குக் குடுக்கலாம். ஆராக்கும் எழுதினது?”

“நம்ம காந்திமதிநாதன் சாராக்கும்” என்கிறார் தலைமையாசிரியர். மூத்த வரலாற்று ஆசிரியர் என்று முதல் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பது காந்திமதிநாதன்தான்.

பக்கத்தில் நிற்கும் காந்திமதிநாதன், தான் இல்லை என்று சொல்ல வாயெடுக்கிறார். அதற்குள் அதிகாரி கை நீட்டுகிறார். இவருடைய கையும் நீண்டு அதைப் பற்றிக்கொள்கிறது. கதவோரம் நிற்கும் ஷியாமளா தன் விரல்களைப் பார்த்துக்கொள்கிறாள். நகக்கண்களில் மை.

அதிகாரி போனபிறகு அவள் காந்திமதிநாதன் பக்கத்தில் வருகிறாள்.

“சாரே, பிரெஞ்சுப் புரட்சியில ஒரு வருஷம் தப்பா விழுந்து கெடக்கு. பிள்ளைக படிக்கியதுக்கு முன்ன திருத்தணும்.”

“எந்தப் பக்கத்துல டீச்சரே?”

கேட்ட பிறகுதான் தன் கேள்வி அவருக்கே காதில் விழுகிறது. ஒரு பக்கம்கூட அவர் படித்ததில்லை. அவள் அவருக்காகத் தாள்களைப் புரட்டுகிறாள்.