மூன்றாவது வளைவில் நிற்பவள்

டிரைவரின் கார் மூன்றாவது வளைவில் குப்புறக் கவிழ்ந்தது.

சரியாக அவள் காவல் நிற்கிற இடத்தில். நாலு எட்டு வைத்தால் கைக்கு எட்டிவிடும்.

நான்கு சக்கரங்களும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. எதிரே மேடையில் ரிமோட்டும் கையுமாக நின்ற டிரைவர், "பல்லக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அவள் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். அதனால் இந்தத் திடலில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் பல்லக்கா. அவர் நிஜத்தில் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அதனால் டிரைவர்.

பந்தயத்தின் விதி எளிது. ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார் முப்பது வருடத்துக்கு முந்தையதாக இருக்க வேண்டும். அடிச்சட்டத்திலும் மேல்கூட்டிலும் கை வைக்கக் கூடாது, உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு காராக ஐந்து சுற்று. குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குக் கோப்பை.

ஓடி முடித்தவர் மேடையை விட்டு இறங்கி, அடுத்த கார் ஓடும்போது இந்த வளைவில் நிற்க வேண்டும். கார் கவிழ்ந்தால் அவர்தான் தூக்கி நிறுத்த வேண்டும். ஓட்டுகிறவர் மேடையை விட்டு நகரக் கூடாது.

அவள் ஓடி முடித்துவிட்டாள். இதுவரை ஓடியவர்களில் அவள் நேரம்தான் குறைவு. மிச்சமிருந்தது டிரைவர் ஒருவர்தான், அவரும் கடைசிச் சுற்றில் இருந்தார். கவிழும்வரை அவளைவிட இரண்டு வினாடி முன்னால் வேறு போய்க்கொண்டிருந்தார்.

போன வருடம் இருவருக்கும் நடுவே இருந்தது வெறும் ஒன்றரை வினாடி. அந்த ஒன்றரை வினாடி ஒரு வருடமாக அவளைத் தூங்கவிடவில்லை.

இந்த முறை ஒருவர் ஒரு சொல் சொல்ல முடியாதபடி ஜெயிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சக்கர அச்சுகள் சுழலும் பழைய புஷ்களைக் கழற்றி எறிந்துவிட்டு எட்டு இடத்திலும் பால் பேரிங் போட்டாள். வெறும் ஸ்பிரிங் இருந்த இடத்தில் எண்ணெய் ஊற்றிய ஷாக் வைத்தாள். புது மோட்டாரின் வேகத்துக்குப் பழைய பல்சக்கரம் ஈடுகொடுக்காமல் பல் உதிர்ந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், இங்கே காரே நின்று போயிற்று. வேறு பல்சக்கரம் தேடிப் பிடித்து, அதற்கும் மோட்டாரின் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்தி முடுக்கி, காகிதத்தை உருவி எடுத்து, அந்த மயிரிழை இடைவெளியைச் சரிபார்த்தாள். ஒரு நாளில்லை, ஒரு வாரம்.

காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று உடைந்தது. உலகத்தில் யாரும் இப்போது அதைச் செய்வதில்லை. பல்செட் செய்யும் மாவிலேயே அச்செடுத்து வார்த்தாள். மூன்று உடைந்தன, நான்காவது நின்றது. ஈறு நிறத்தில் முன்பக்கம் எட்டிப்பார்க்கும் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, கார் சிரிக்கிறது என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பின்சக்கரங்கள் மட்டும் டிரைவர் கொடுத்தவை. தன்னிடம் சும்மாதான் கிடக்கிறது என்று சொல்லி, வேலைக்குப் போகிற வழியில் பேருந்தை நிறுத்தி, ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போனார். அதை வாங்கிக்கொண்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அவருடைய கார் அவள் முன்னால் கிடந்தது.

யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கடிகாரத்தில் இருந்தது.

அவள் பாய்ந்தாள். பெண்பிள்ளை, வயது நாற்பத்தேழு, சேலை என்று எதையும் யோசிக்கவில்லை. முழங்கால் இரண்டும் சரளையில் தேய, விழுந்த வேகத்திலேயே காரைப் புரட்டி, மூக்கைப் பாதைக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். கார் அவள் முகத்தில் புழுதியை இறைத்துவிட்டுப் பறந்தது.



கார் கோட்டைத் தாண்டியது. நேரத்தைப் பலகையில் எழுதினார்கள். டிரைவர் அவளைவிட வினாடியில் பத்தில் இரண்டு பங்கு பின்தங்கியிருந்தார்.

ஜெயித்துவிட்டாள். நேர்மையாக, ஊர் பார்க்க, தன் கையால் செப்பனிட்ட காரை ஓட்டி ஜெயித்துவிட்டாள்.

கைதட்டினார்கள். யாரோ குனிந்து தோளில் தட்டினார்கள். ஒரு வருடமாக எந்த நிம்மதிக்காகக் காத்திருந்தாளோ அது மட்டும் வரவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

டிரைவர் மேடையை விட்டு இறங்கி நேராக அவளிடம் வந்தார். தோற்ற முகமே இல்லை. அவள் முழங்காலில் ரத்தத்தைப் பார்த்ததும் பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"என்ன பல்லக்கா இது! போன வருஷம் என் காரைத் தூக்க வரும்போது செருப்பு வழுக்கிடுச்சுன்னு அவ்வளவு வருத்தப்பட்டீங்க. அதுக்காக இப்படியா விழுந்தடிச்சு ஓடிவர்றது?"

போன வருடக் கோப்பை அவள் வீட்டு அலமாரியில், பழைய போர்வைகளுக்கு அடியில், ஒரு நாள்கூட வெளியே எடுத்து வைக்கப்படாமல் கிடந்தது.

அவள் கைக்குட்டையை வாங்கவில்லை. எழுந்து நின்றாள். அவர் கண்ணைப் பார்த்தாள்.

"வழுக்கலண்ணே."